எந்த மெத்தையில் விழுவது

அவள் மேல் விழுந்தவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாகியிருக்கும். வாய்விட்டுத் திட்டியிருப்பாள், நாலு பேரிடம் சொல்லி அழுதிருப்பாள், ஆறியிருப்பாள். ஆனால் கிரேன்காரரை யார் திட்டுவது?

மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் அவள் உதவியாளர். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. படுக்கை விரிப்பு மாற்றுவது, மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது, சவரம் வேண்டாம் என்று முரண்டு பிடிப்பவர்களை நயமாகப் பேசி உட்கார வைப்பது, எல்லாம் அவள் பாடு. அந்த வார்டின் கதவு உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும். சாவி அவள் இடுப்பில் தொங்கும். "சாவி உங்ககிட்ட இருக்கு சரி. ஆனா நீங்களும் எங்களோட உள்ளதான இருக்கீங்க?" என்று அங்கிருந்த ஒரு கணக்கு வாத்தியார் நாளுக்கொரு தரம் கேட்டுச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள்.

கிரேன்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆள் கதவு அகலம், குரல் மட்டும் பூனைக்குட்டி. யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. ஒருநாள் காலை அவள் அவருடைய கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் குனிந்து விரிப்பின் ஓரத்தைச் செருகிக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ ஒரு லாரியில் சரக்கைத் தடாலென்று இறக்கினார்கள். கிரேன்காரர் நிமிர்ந்து மேலே பார்த்தார். "விழுது! கூரை விழுது!" என்று கத்திக்கொண்டே அவள்மேல் பாய்ந்து, தரையோடு தரையாக அமுக்கி, தன் முழு உடம்பாலும் அவளை மூடிவிட்டார்.

"தலைய தூக்காதீங்க அக்கா. நான் இருக்கேன்ல? தூக்கவே தூக்காதீங்க."

அவரைப் பொறுத்தவரை அவர் ஓர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கோ மூச்சு நின்றுவிட்டது. அவருடைய தோள் அவள் வாயை அடைத்திருந்தது. ஒரு கை முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சிஸ்டரும் காவலாளியும் ஓடிவந்து அவரை இழுத்தார்கள். இழுக்க இழுக்க, கூரையே வந்து தன்னைப் பிடுங்குகிறது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் இறுக்கிக்கொண்டார். கடைசியில் ஊசி போட்டுத்தான் பிரித்தெடுக்க முடிந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்றார். சிஸ்டர் அதையே சொன்னாள். வீட்டுக்குப் போனதும் கணவன் அதையே சொன்னான். ஊரே கூடிச் சொல்லும்போது அவளும் வேறு என்ன சொல்வாள்? "ஆமா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனாள்.

ஆனது என்னவோ ஆகத்தான் செய்திருந்தது. போர்வையை மார்புக்கு மேல் இழுக்க முடியவில்லை. தூக்கத்தில் கணவன் கை மேலே விழுந்தால் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பேருந்தில் கூட்டம் நெருக்கினால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். லிஃப்ட் பக்கமே போவதில்லை. தலைக்கு மேலாகச் சட்டையைக் கழற்றும்போது துணி முகத்தை மூடும் அந்த ஒரு நொடிகூட ஆகாமல், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளாகத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

மருத்துவமனையில் சூப்பர்வைசர் அம்மா ரொம்ப அக்கறையாக அவளைத் துணிக்கிடங்குக்கு மாற்றினாள். "உங்க பாதுகாப்புக்குத்தான்மா" என்றாள். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. கூரைவரை அலமாரி, அலமாரி கொள்ளாமல் மடித்த விரிப்புகள், சலவைத்தூளின் காரநெடி, தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு கனத்த கதவு. பாரத்துக்குப் பயந்தவளைக் கொண்டுபோய் ஒரு பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. கதவிடுக்கில் ஒரு வாளியை முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்தாள். போகிற வருகிறவர்கள் வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போவார்கள். அவள் மறுபடி வைப்பாள்.

வீட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் குடியிருந்தது கொழுந்தனின் கட்டடத்தில். அவன்தான் கட்டினான், அவன்தான் அண்ணனை மாடியில் குடிவைத்தான். நடுத்தளத்தில் அவனும் அவன் மனைவியும். கீழ்த்தளம் முழுக்க அவனுடைய ஜூடோ கூடம். நாலு தெருவுக்கு அவன் "மாஸ்டர்". அந்தக் கட்டடத்தில் செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கழற்ற வேண்டும் என்பதிலிருந்து தண்ணீர் மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்பதுவரை அவன் வைத்ததுதான் சட்டம். அதற்காக அவனைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மாத்திரையோடு வந்து நிற்பவன் அவன்தான். அவளுடைய மகளை மூன்று வயதிலிருந்து மெத்தையில் உருளவிட்டு, விழக் கற்றுக்கொடுத்து, ஆறாவது படிக்கும்போதே பக்கத்துப் பள்ளிப் பையன்கள் பயப்படுகிற அளவுக்கு வளர்த்தவன். இப்படிப்பட்ட ஒருவனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? சண்டை போட முடியாத ஆட்களிடம்தான் மனுஷி வசமாக மாட்டிக்கொள்கிறாள்.

அண்ணி சரியாகத் தூங்குவதில்லை என்பது அவன் காதுக்குப் போயிற்று. மறுநாளே மாடிக்கு வந்தான்.

"அண்ணி, உங்க வியாதிக்கு மருந்து கீழ நம்ம கூடத்துலயே இருக்கு. பெண்கள் வகுப்புக்கு வாங்க. ஒருத்தன் மேல வந்து விழறதுக்கு முன்னாடி அவன நீங்க தூக்கிப் போட்டுட்டா, அப்புறம் பயம் எங்கேர்ந்து வரும்?"

"என் வயசுக்கு இதெல்லாம் எதுக்கு தம்பி?"

"வயசா? உங்களவிடப் பெரியவங்க வராங்க. அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்கக் குழந்தைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் சத்தம் வராமல் இருக்க எதை வேண்டுமானாலும் ஒத்துக்கொள்வான். "அவன் சொல்றதும் சரிதான? போயிட்டுத்தான் வாயேன்" என்றான்.

போனாள். முதல் சில வகுப்புகள் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தன. ஜூடோவில் முதலில் விழத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, விழுகிற நேரத்தில் உள்ளங்கையால் மெத்தையை ஓங்கி அறைய வேண்டும். அறைந்தால் அடி படாது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமாக மாடியில் சமைத்துக்கொண்டே கேட்ட தொப் தொப் சத்தத்தில் இப்போது தன்னுடையதும் ஒன்று. மகள் வேறு ஓடி ஓடி வந்து, "அம்மா, கைய இன்னும் கீழ வைங்க" என்று திருத்தினாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்துக் கணவன் தம்பியைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தான்.

அப்புறம்தான் அமுக்கிப் பிடிக்கும் பாடம் வந்தது.

"முதுகு தரையில இருக்கணும். எதிராளி மேல இருந்து இருபது விநாடி அசையவிடாம பிடிச்சுட்டா ஆட்டம் முடிஞ்சுது, அவங்க ஜெயிச்சாச்சு" என்று விளக்கிய கொழுந்தன், வகுப்பிலேயே பலசாலியான ஒரு போலீஸ்காரியைக் கூப்பிட்டு, அண்ணியைப் பிடிக்கச் சொன்னான். போலீஸ்காரி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, நெஞ்சின்மேல் பாரத்தை இறக்கினாள். கொழுந்தன் முழங்காலிட்டு எண்ண ஆரம்பித்தான்.

"வாங்க அண்ணி, வெளிய வாங்க! உடம்ப முறுக்குங்க! நீ விடாத, கெட்டியா பிடி!"

அவளுக்கு மேலே விளக்கு தெரிந்தது. பிறகு தெரியவில்லை. சலவைத்தூள் வாசனையும் வியர்வையும் மூக்கை அடைத்தன. விடச் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. எண்ணிக்கை மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வாய்க்கு எட்டிய இடத்தில் ஒரு முன்னங்கை இருந்தது. கடித்தாள்.

போலீஸ்காரி போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பல் பதிந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, கூடமே சிரித்துவிட்டது. போலீஸ்காரியும் சிரித்தாள். "எத்தனையோ திருடனப் புடிச்சிருக்கேன், ஒருத்தனும் இப்படிக் கடிச்சதில்ல" என்றாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி. ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மகள் இன்னொருத்தி.

அன்றிலிருந்து கூடத்தில் அவள் பெயர் கடி அண்ணி. அசட்டு நகைச்சுவை சொல்பவர்களைக் கடிக்கிறார்கள் என்போமே, அதையும் சேர்த்து நாளுக்கொரு கேலி. கொழுந்தன் கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவனோ பெருந்தன்மையாக மன்னித்தான்.

"பரவால்ல அண்ணி. பயத்தோட மூஞ்சிக்கு நேரா நிக்கணும். நாளைக்கும் படுங்க, மறுநாளும் படுங்க. பத்து தடவ அமுக்குனா பதினோராவது தடவ பழகிடும்."

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். கீழ மாட்டிக்கிட்டவ விடுங்கன்னு சொல்ல வழியே இல்லையா?"

"கழுத்த நெரிச்சா மெத்தையத் தட்டி விடச் சொல்லலாம், கைய முறுக்குனா தட்டலாம். சும்மா அமுக்கிப் பிடிச்சதுக்கெல்லாம் தட்டுனா அந்தப் பழக்கமே தங்கிடும் அண்ணி. அதுவுமில்லாம, கீழயே போகக் கூடாது. அதான் ஜூடோ."

அவன் சொன்னது பொய்யில்லை. அவன் கலையை அவன் நேசித்தபடியே சொன்னான். ஆனால் அவள் ஏற்கெனவே கீழேதான் இருந்தாள். கீழே போகாமல் இருப்பது எப்படி என்ற பாடம் அவளுக்குக் காலம் கடந்து வந்த பாடம். வாரத்தில் இரண்டு நாள் படியிறங்கிப் போய்ப் படுத்துவிட்டு வந்தாள். தலைவலி என்றால் ஓரகத்தி தைலத்தோடு வந்தாள். "அக்கா, அவர் உங்க நல்லதுக்குத்தான சொல்றாரு?" என்று நெற்றியில் தடவிவிட்டு, கையோடு கீழே கூட்டிப்போனாள்.

இதற்கிடையில் ஒருநாள் துணிக்கிடங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தள்ளுவண்டி வந்தது. பின்னால் காவலாளி. வண்டியைத் தள்ளி வந்தவர் கிரேன்காரர். உடம்பு தேறிவருகிறவர்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுப்பது வழக்கம். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! இங்கயா இருக்கீங்க? உங்கள எங்கெல்லாம் தேடினேன். அன்னைக்கு உங்க மேல எதுவும் விழலையே?"

அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"விழல" என்றாள்.

"நான் முழுசா மூடிட்டேன்ல? கால் மட்டும் வெளிய இருந்துதோன்னு எனக்கு ஒரே கவல."

"இல்ல. காலும் உள்ளதான் இருந்துது."

அவர் நிம்மதியாகத் தலையாட்டி, விரிப்புகளை ஒவ்வொன்றாக, ஓரத்துக்கு ஓரம் சரியாகப் பொருத்தி அடுக்கிவிட்டுப் போனார். அவர் போனதும் அவள் அலமாரிக்குப் பின்னால் போய் நின்று, முந்தைய வாரங்களில் வராத அழுகையை எல்லாம் அழுதாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவே இல்லை. அந்தக் கோபம் வந்து தொலைத்தாலாவது தேவலை என்றிருந்தது.

அந்த வாரம் பேருந்துக் கூட்டத்துக்குப் பயந்து வழக்கம்போல முன்னாலேயே இறங்கி நடந்தபோதுதான் அவள் அந்தக் கடையைப் பார்த்தாள். முன்பு டயர் கடையாக இருந்த இடம். ஷட்டர் பாதி ஏற்றியிருந்தது. உள்ளே பழைய கம்பியடுக்குகள் அப்படியே சுவரோடு நிற்க, தரை முழுக்க நீல மெத்தை. மெத்தைமேல் ஜோடி ஜோடியாக ஆட்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். அவள்மேல் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஓர் ஆள். அந்தப் பெண்ணோ அடியில் கிடந்தபடியே பக்கத்து ஜோடியிடம், "நாளைக்கு மழை வருமாமே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

குரல் தெரிந்த குரல். மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டும் டிரைவரம்மா.

இவள் ஷட்டருக்கு வெளியே குனிந்து நின்று வாய் பிளந்து பார்த்தாள். இத்தனை பாரத்துக்கு அடியில் ஒருத்தி மழையைப் பற்றிப் பேசுகிறாள்! சிறிது நேரத்தில் அந்தப் பெண் இடுப்பை ஒரு பக்கம் ஒதுக்கினாள், முழங்காலை நடுவில் நுழைத்தாள், ஏதோ செய்தாள். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. எழுந்து உட்கார்ந்தவள் வாசலைப் பார்த்தாள்.

"அட, துணிக்கிடங்கு அக்காவா? அங்கேயே ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க."

"இது என்ன, ஜூடோவா?"

"ஜியு-ஜிட்சு. ஜூடோவுக்குப் பங்காளின்னு வச்சுக்குங்க. அங்க நின்னுகிட்டு தூக்கிப் போடுவாங்க, முதுகு தரையில பட்டா கதை முடிஞ்சுது. இங்க முதுகு தரையில பட்டப்புறம்தான் கதையே ஆரம்பிக்கும்."

அந்த வார்த்தை அவள் மனசில் தைத்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே அசைபோட்டாள். சேர்ந்துவிட ஆசைதான். ஆனால் மாஸ்டரின் அண்ணியே வேறு மெத்தையில் போய்ப் படுத்தால் ஊர் என்ன சொல்லும்? அவன் முகத்தில் எப்படி விழிப்பது? ஒரு வாரம் தனக்குள்ளேயே வழக்காடிப் பார்த்தாள். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் மறுபக்கம் மூச்சு முட்டியது. கடைசியில் பெண்கள் வகுப்புக்கு முழங்கால் வலி என்று சொல்லி நின்றுகொண்டு, கிடங்கில் வேலை அதிகம் என்று வீட்டில் ஒரு சாக்குப்போக்கும் சொல்லிவிட்டு, டயர் கடைக்குப் போனாள்.

அங்கே சொல்லிக்கொடுத்தவர் காது இரண்டும் நசுங்கிப்போன, அதிகம் பேசாத ஒரு மனிதர். அவள் கதையைக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான். தட்டறது" என்றார். மேலே இருப்பவரின் உடம்பிலோ மெத்தையிலோ இரண்டு தட்டு. தட்டினால் விட்டுவிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

டிரைவரம்மா மெதுவாக அவள்மேல் சாய்ந்தாள். தோள் தொடுவதற்கு முன்பே இவள் தட்டினாள். டிரைவரம்மா உடனே விலகினாள். மறுபடி சாய்ந்தாள், மறுபடி தட்டினாள், மறுபடி விலகினாள். ஒருவரும் சிரிக்கவில்லை, எண்ணவில்லை, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ என்று சொல்லவில்லை. அன்றைய வகுப்பு முழுக்க இதேதான். தன் கை இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு முழு ஆள் எழுந்து போய்விடுகிறாள் என்பதை நம்பவே அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. முடிவில் டிரைவரம்மாவின் முழுப் பாரமும் நெஞ்சின்மேல் இருக்க, இவள் நாலு மூச்சு விட்டாள். விட்டுவிட்டுத் தட்டினாள்.

மாதங்கள் ஓடின. முழங்கையை மடக்கி எதிராளியின் கழுத்தடியில் முட்டுக் கொடுக்கக் கற்றாள். "முட்டுக் கொடுக்கறதுல எங்க வீட்டுக்காரர அடிச்சுக்க ஆளில்ல. தம்பி என்ன சொன்னாலும் முட்டுக் கொடுப்பாரு" என்று அவள் சொன்னபோது டிரைவரம்மா சிரிப்பு தாங்காமல் பிடியை விட்டுவிட்டாள். இறாலைப் போலச் சுருண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி, கிடைத்த இடுக்கில் முழங்காலை நுழைக்கக் கற்றாள். போர்வை மெல்ல மார்புக்கு மேல் வந்தது. ஆனால் பொய் கனத்தது. கட்டடத்தில் நுழையும்போதெல்லாம் ஈர உடையை விரிப்புத் துணிக்குள் சுருட்டிப் பைக்கடியில் ஒளித்தாள். கூடத்து வாசலைத் தாண்டிப் படியேறுவதற்குள் ஒரு யுகம் போய்விடும். "முட்டி எப்படி இருக்கு அண்ணி?" என்று கொழுந்தன் கேட்கும்போது மென்று முழுங்கினாள். வெளியே ஓர் இடத்தில் கிடைத்த மூச்சு, வீட்டுக்குள் வந்ததும் அடைத்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவரம்மா அவள்மேல் ஏறி உட்கார்ந்து, முழங்காலை நெஞ்சில் ஊன்றினாள். வலித்தது. தட்டியிருக்கலாம். அன்று என்னவோ தட்டத் தோன்றவில்லை. இவ்வளவு தாங்குகிறேனே என்ற இறுமாப்பா, தாங்கித் தாங்கியே பழகிய உடம்பின் முட்டாள்தனமா, அவளுக்கே தெரியாது. உள்ளே குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"ஏன் அக்கா தட்டல? ஏன் தட்டல?" என்று டிரைவரம்மா பதறினாள். இவள் பதில் சொல்ல மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். டிரைவரம்மாவே ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். விலா எலும்பில் விரிசல்.

ஆம்புலன்ஸில் போன சேதியை மறைக்கவா முடியும்? சாயங்காலமே மாடிக் கூடத்தில் குடும்பம் கூடிவிட்டது. அவள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், படுத்தால் வலித்தது. கொழுந்தன் உட்காரவில்லை.

"டயர் கடையில போயி... அண்ணி, இது என்ன கேவலம்? கீழ நம்ம கூடம் இருக்கு, நான் இருக்கேன். இத்தன நாளா முட்டி வலின்னு என்கிட்டயே..."

"பொய் சொன்னது என் தப்புதான் தம்பி."

"எங்கிட்ட என்ன குறையக் கண்டீங்க? அத சொல்லுங்க."

அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். அதைப் பார்த்ததும் வாய்க்கு வந்த சமாதானங்களையெல்லாம் பூசி மெழுகிச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. விலா அனுமதித்த அளவுக்கு மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"குறை ஒண்ணும் இல்ல. நான் விடச் சொன்னா அங்க விட்டுடறாங்க. அவ்வளவுதான்."

"விட்டுட்டாங்களா? எலும்ப ஒடச்சு அனுப்பியிருக்காங்க!"

"அன்னைக்கு நான் விடச் சொல்லல. சொல்லாதது நான்தான்."

"இந்தக் கட்டடத்துல இருந்துகிட்டு இன்னொருத்தன் மெத்தைய மிதிக்கறது எனக்குச் சரிப்படாது. ஒண்ணு இங்க, இல்ல..."

அந்த 'இல்ல'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓரகத்தி தரையைப் பார்த்தாள். அப்போது, வாழ்நாளில் தம்பியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத கணவன், டீ டம்ளரைத் தரையில் வைத்தான்.

"அவ அங்கயே போகட்டும்டா" என்றான்.

டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தான். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. படியிறங்கிப் போனவன், அதன்பிறகு அண்ணியோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டான்.

வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை, இவர்களும் போகவில்லை. வேறு வீடு தேடலாமா என்று அவள் ஒருமுறை கேட்டதற்குக் கணவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் மறுபடி கேட்கவில்லை. சட்டங்கள் மட்டும் ஓரகத்தி வழியாக வந்துகொண்டிருந்தன. "அக்கா, மாடில துணி சொட்டுதாம், அவர் சொல்லச் சொன்னார்." விலா ஆறும்வரை அவள் அந்த அறையிலேயே தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கீழேயிருந்து வரும் தொப் தொப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருமக்கூடப் பயமாக இருந்தது.

மகள் ஒருநாள் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள்.

"அம்மா, நானும் டயர் கடைக்கு மாறணுமா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க இங்க வரலன்னா நான் எந்தப் பக்கம்னு தெரியல."

அந்தக் கேள்வி அவளுக்கு விலாவைவிட அதிகமாக வலித்தது. "பக்கமெல்லாம் ஒண்ணும் கெடையாது. உனக்கு எது புடிச்சிருக்கு?"

மகள் யோசிக்கவே இல்லை. "தூக்கிப் போடறது."

"அப்ப சித்தப்பாகிட்டயே இரு. அவரவிட அத நல்லா சொல்லித்தர இந்தப் பக்கத்துல ஆளில்ல."

"உங்களுக்கு ஏன் அது புடிக்கல?"

"எனக்குப் புடிச்சுதுடி. விழறது ரொம்பப் புடிச்சுது. ஆனா எனக்கு வேண்டியது வேற."

எலும்பு கூடியதும் அவள் மறுபடி டயர் கடைக்குப் போனாள், இந்தமுறை ஈர உடையை ஒளிக்காமல் மாடிக் கொடியில் காயப்போட்டாள், சொட்டாமல் பிழிந்து. வார்டுக்குத் திரும்ப மாற்றல் கேட்டு சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்தாள். "உங்க நல்லதுக்குத்தான்மா சொல்றேன், இப்ப வேணாம்" என்றாள் அந்த அம்மா. மறுபடியும் கேட்டாள், அதே பதில். கிடங்கிலேயேதான் இருக்கிறாள். லிஃப்டில் இன்னும் ஏறுவதில்லை.

மகளுக்கு ஒரு போட்டி வந்தது. பல கூடங்களிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். கணவனுக்கு வேன் ஓட்டம், அவள் தனியாகப் போய்ப் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்தாள். கொழுந்தன் மெத்தையோரத்து நாற்காலியில், அவளுக்கு முன்னால் கையெட்டும் தூரத்தில். திரும்பிப் பார்க்கவில்லை. மகள் இரண்டு பேரை அழகாகத் தூக்கிப் போட்டாள். மூன்றாவதாக வந்த சிறுமி இவளைவிடக் கனம். தூக்கப் போன இடத்தில் கால் வழுக்கி மகள் மல்லாந்து விழ, அந்தச் சிறுமி கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு மேலே படுத்துவிட்டாள்.

நடுவர் கையை நீட்டினார். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

மகளின் முகம் எதிராளியின் அக்குளில் புதைந்திருந்தது, இரண்டு கால்கள் மட்டும் காற்றில் உதைத்தன. ஓடிப் போய்ப் பிரித்தெடுக்க உடம்பு துடித்தது, போக வழியில்லை. "பாலம் போடு! முதுக வில்லா வளைச்சுத் தூக்கு!" என்று கொழுந்தன் கத்தினான். "இடுப்ப நகத்துடி! மூச்ச விடு, இடுப்ப நகத்து!" என்று யாரோ கத்துவது கேட்டது. தான்தான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் இடுப்பை நகர்த்தினாள். ஓர் இடுக்கு கிடைத்தது, முழங்கால் பாதி நுழைந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

மகள் எழுந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, தோற்கடித்தவளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டார்கள். அழுகையில்லை, அலறலில்லை. அம்மாதான் நாற்காலியின் முதுகைப் பிடித்த கையை விடமுடியாமல் நின்றாள்.

கொழுந்தன் திரும்பினான். ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்ப்பது அதுதான்.

"அந்த முட்டிய உள்ள விடறது... அங்க சொல்லித்தந்ததா?"

"ஆமா தம்பி."

"இவளுக்கு நீங்க காட்டிக் குடுத்தீங்களா?"

"கேட்டா. காட்டினேன்."

அவன் மெத்தையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்து நின்றபடியே இருந்தாள், உட்காரத் தோன்றவில்லை.